தத்தெடுத்தால் போதுமா? குடியுரிமைக்குத் தனி வரிசை

12 வயதானதும் நம்மில் பெரும்பாலோர் பெற்றோருடன் தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்று மைகார்ட் எடுத்து வந்துவிடுகிறோம். அரை நாள் வேலை. அதே முகப்பிடத்தில்தான் சில பிள்ளைகளுக்கு முதன்முறையாக ஓர் உண்மை தெரிய வருகிறது. அவர்களின் பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை என்ற இடத்தில் 'புக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்ல, என்று இருக்கிறது. இவர்களில் ஒரு பகுதியினர் தத்துப் பிள்ளைகள்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற வட்டாரங்களில் 'எடுத்து வளர்த்த பிள்ளை' புதிதல்ல. சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் வாங்கி வளர்த்த கதைகளைப் பாட்டிமாரிடம் இன்றும் கேட்கலாம். அன்று வாய்வார்த்தையே போதுமானதாக இருந்தது. அட்டை கேட்கும் காலம் பிறந்ததிலும் இவ்வூருக்குத் தொடர்புண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் வந்தது. அவசரகாலச் சட்டத்தின் கீழ்தான் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாள அட்டை கட்டாயமானது.

இன்று தீபகற்ப மலேசியாவில் தத்தெடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, முஸ்லிம் அல்லாதோருக்கான 1952 தத்தெடுப்புச் சட்டம். செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனு செய்ய வேண்டும். குழந்தை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து அவர்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும். சமூக நல இலாகாவுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பெற்றவர்களின் சம்மதமும் தேவை. ஆணை கிடைத்தால், 'தத்து' என்ற சொல்லே இல்லாத புதிய பிறப்புப் பத்திரம் வரும். மற்றொன்று, அதே ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டம். இரண்டு ஆண்டுகள் வளர்த்த பிறகு பதிவு இலாகாவிலேயே பதியலாம். வழக்கறிஞர் செலவு இல்லை. ஆனால் சொத்துரிமை போன்றவற்றில் முதல் வழிக்குள்ள பலம் இதற்கு இல்லை.

இந்த இரண்டு வழிகளுமே குடியுரிமை தருவதில்லை. பலரும் இடறி விழும் இடம் இதுதான்.

சுதந்திர நாள் முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை இம்மண்ணில் பிறந்தாலே குடியுரிமை கிடைத்தது. அதன்பின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்றானது. பெற்றோர் என்றால் பெற்றவர்கள்தான், வளர்த்தவர்கள் அல்லர் என்பது அரசுத் தரப்பின் வாதம். பெற்ற தாய் மலேசியர் என்பதற்கு ஆவணம் இருந்தால் சிக்கலில்லை. தாய் மணமாகாத வெளிநாட்டவர் என்றாலோ, தாய் யாரென்றே தெரியாவிட்டாலோ, அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் உள்துறை அமைச்சிடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளலாம். காரணம் சொல்லாமல் 'வெற்றி பெறவில்லை' என்று பதில் வருவதும் உண்டு. அதுவரை கடப்பிதழ் இல்லை, பி.டி.பி.டி.என். கடன் இல்லை, அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம்.

2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது. பிறந்தவுடன் கைவிடப்பட்டுத் தத்தெடுக்கப்பட்ட ஒரு பையன் சட்டப்படியே குடிமகன் என்று அது தீர்ப்பளித்தது. கண்டெடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தை, வேறு சான்று இல்லாத வரையில், அங்கேயே நிரந்தரமாக வசிக்கும் தாய்க்குப் பிறந்ததாகக் கருதப்படும் என்ற அரசியலமைப்பு விதிதான் அவனுக்குக் கைகொடுத்தது. இந்த விதியையே மாற்ற எழுந்த யோசனை, எதிர்ப்புக்குப் பின் 2024இல் கைவிடப்பட்டது.

ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று மக்களவையில் 206 பேர் ஆதரவுடன் நிறைவேறிய திருத்தத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு உரிமை கிடைத்ததைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். அதன் நிழலில் 15ஏ விண்ணப்பத்துக்கான வயது வரம்பு 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. 12 வயதில் விழித்துக்கொள்ளும் குடும்பத்துக்கு முன்பு ஒன்பது ஆண்டு அவகாசம் இருந்தது. இத்திருத்தத்தின்படி ஆறுதான்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பிரிட்டனில் 1981 சட்டப்படி, தத்தெடுப்பவர் பிரிட்டிஷ் குடிமகன் என்றால், அந்நாட்டு நீதிமன்ற ஆணையோடு பிள்ளைக்கும் குடியுரிமை வந்துவிடும்.

'இங்கே இவ்வளவு சிரமம் என்றால் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையை எடுத்து வரலாமே' என்று கேட்பவர்களும் உண்டு. அது இன்னும் நீண்ட பாதை. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2003இல் இணைந்தது, மலேசியா இணையவில்லை. இந்தியாவில் காரா எனும் மத்திய ஆணையத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் குழந்தை நாட்டைவிட்டு வெளியேற முடியாது.

அந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் பலருக்குப் போலி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டன; வேறு பெண்கள் தாயாக நடித்துக் கையெழுத்திட்டார்கள். இத்தகைய முறைகேடுகளை விசாரித்த குழுவின் அறிக்கைக்குப் பின் 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. பெற்றவளின் சம்மதம் உண்மையா என்று பார்ப்பதற்கு ஆகும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அதையெல்லாம் நீதிமன்றம் பார்த்து ஆணை கொடுத்த பிறகும் ஒரு பிள்ளை பத்து வயதைக் கடந்து காத்திருப்பதை அப்படி ஏற்க முடியாது என்பதே என் எண்ணம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எடுத்து வளர்க்கும் தம்பி தங்கை இருந்தால், பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை என்ற இடத்தை இன்றே பாருங்கள். குழந்தை கண்டெடுக்கப்பட்டது என்றால் அன்றைய போலீஸ் புகார், மருத்துவமனைத் தாள், சமூக நல இலாகாவின் கடிதம் எதையும் தொலைத்துவிடாதீர்கள். பெற்ற தாய் இருக்குமிடம் தெரிந்தால், அவர் வேறு ஊர் போவதற்குள் அவருடைய அடையாள அட்டை நகலையும் சத்தியப் பிரமாணத்தையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மலாய் பாரங்களைப் படித்து நிரப்பப் பெரியவர்கள் தயங்கினால், அந்த வேலையை நீங்கள் செய்யலாம்.