மலைநாட்டுச் சிசுக்களும் நர்ஸுகளின் பயிற்சியும்

பிறந்த சிசு அழவில்லையென்றால் அதற்கு மூச்சுக் கொடுக்க நர்ஸுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நிமிஷம். ஈரம் போகத் துடைத்து, முதுகைத் தடவி, தலையைச் சரியான நிலையில் வைத்து, அதற்கும் மூச்சு வராவிட்டால் பையும் மாஸ்கும் கொண்டு காற்றைச் செலுத்த வேண்டும். சுமார் பத்துச் சிசுக்களில் ஒன்றுக்கு இவ்விதமான உதவி ஏதேனும் தேவைப்படுகிறது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் வந்து நிற்பார். பந்தலூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் நடுநிசியில் யார் வருவார்? அவ்வேளையில் அங்கே டாக்டரும் நர்ஸே, சர்க்காரும் நர்ஸே.

உதகமண்டலத்தில் 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. 2025-ல் 700 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டது. நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் கூடலூரிலிருந்து உதகைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தொழிலாளரும், பணியர், காட்டுநாயக்கர் முதலிய ஆதிகுடிகளும் அந்தப் பாதையின் மறுகோடியில்தான் வசிக்கிறார்கள். அவர்களுடைய குழந்தை மூச்சுக்குத் தவிக்கும் நிமிஷத்தில் 700 படுக்கைகளால் என்ன பயன்?

பயிற்சியே இல்லை என்று நாம் குறை கூறவில்லை. பிறந்த சிசுவைக் காப்பதற்கென்றே இந்திய சர்க்கார் 2009-ல் இரண்டு நாள் பயிற்சித் திட்டமொன்றைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் 2020-ல் ஆயிரம் பிறப்புகளுக்கு 9 சிசுக்களே முதல் மாதத்தில் மாண்டன. இந்தியா முழுவதற்கும் அக்கணக்கு 20. இது பெருமைதான். அண்டையிலுள்ள கேரளத்தில் அது 4 என்பதையும் கவனித்தால் பெருமை சற்றே அடங்கும். இரண்டு நாள் கற்ற வித்தை சில மாதங்களிலேயே கையை விட்டு நழுவுகிறது என்பது பல தேசங்களின் அனுபவம். பிரசவங்கள் குறைவாக நடக்கும் மலை நிலையங்களில் மறதி இன்னும் விரைவாக வரும். மறுபடி பயில்வதற்கு நர்ஸைக் கோயமுத்தூருக்கு அனுப்பினால் அந்த நாட்களில் பிரசவ அறையைக் காப்பவர் யார்?

ஆகவே பயிற்சி மலையேறி வரவேண்டும். அதற்கு வீடியோ படம் தக்க வாகனம் என்பது நமது அபிப்பிராயம். புஸ்தகத்தில் அச்சிட்ட சிசு அசைவதில்லை. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே சதை உள்வாங்குவதும், மூக்கு விடைப்பதும், முனகலும் எழுத்தில் எவ்வளவு விவரித்தாலும் புலப்படா. படத்தில் அவை கண்ணுக்கும் காதுக்கும் நேரே கிடைக்கின்றன. நிமிஷத்துக்கு 60-க்கு மேல் போகும் மூச்சைப் படத்தைப் பார்த்தபடியே எண்ணிப் பழகலாம். மாஸ்க் முகத்தில் சரியாகப் படியாவிட்டால் மார்பு எழும்பாது. அந்தத் தவறையும் அதைத் திருத்தும் விதத்தையும் வேண்டிய மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அமெரிக்காவில் வெர்மான்டில் இயங்கும் குளோபல் ஹெல்த் மீடியா என்ற ஸ்தாபனம் இத்தகைய படங்களை இலவசமாகவே வழங்குகிறது. டெல்லி எய்ம்ஸிலும் நர்ஸுகளுக்கான பாடங்களும் படங்களும் தயாராகியிருக்கின்றன.

எனினும் பிறர் எடுத்த படத்தோடு நாம் திருப்தியடையலாகாது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கே மார்கழி இரவில் சிசுவின் உடல் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்காமல் காப்பது சமவெளி நர்ஸ் அறியாத பாடு. தாயின் மார்பில் தோலோடு தோலாகச் சிசுவை அணைத்து வைக்கும் முறை 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தோன்றியது. அந்நகரும் மலைமேல் அமைந்ததே. அம்முறையை நம் கோத்தகிரியிலும் குன்னூரிலும், நம் தாய்மார்களின் சம்மதத்தோடு, நம் நர்ஸுகளே தமிழில் விளக்கும் படமாக எடுக்க வேண்டும். பிறமொழியில் வேகமாகப் பேசும் படத்தை வைத்துக்கொண்டு, "பார்த்தாயா, புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்றுதான் எந்த நர்ஸும் சொல்வாள்!

மலைவாசிகளால் இது ஆகுமா என்று சந்தேகிப்பவர்கள் கூடலூருக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே அஸ்வினி சங்கத்தார் 1990-ல் தொடங்கிய ஆதிவாசி ஆஸ்பத்திரியில், ஆதிகுடிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸுகளாகப் பணிபுரிகின்றனர். தாயின் பாஷையில் பேசும் நர்ஸ் எத்தகைய பலம் என்பதை அங்கே கண்ணாரக் காணலாம்.

ஆனால் கைப்பேசிக்குப் படத்தை அனுப்பிவிட்டுப் பயிற்சி முடிந்தது என்று கணக்கெழுதும் காரியாலய வழக்கத்தை நாம் முன்கூட்டியே கண்டிக்கிறோம். பார்த்தது கைக்கு வர வேண்டுமானால் ஒவ்வொரு நிலையத்திலும் பழகுவதற்கு ஒரு பொம்மையும், ஒரு பையும் மாஸ்கும் இருக்க வேண்டும். வாரம் பத்து நிமிஷமாவது, வேலை நேரத்திற்குள்ளேயே, அதில் பழக அவகாசம் தரவேண்டும். மாதம் ஒருமுறை மருத்துவக் கல்லூரியின் குழந்தை வைத்தியர் நேரில் வந்து கையைப் பிடித்துத் திருத்த வேண்டும். 2015 முதல் தொகுப்பூதியத்தில் நர்ஸுகளை நியமித்து வந்த சர்க்கார், வீட்டுக்குப் போனபின் படம் பார்த்துக்கொள் என்று சொல்லத் துணியமாட்டார்கள் என்று நம்புகிறோம். பொம்மைக்கும் படத்துக்கும் ஆகும் செலவு ஆஸ்பத்திரிக் கட்டிடச் செலவில் ஒரு மூலைக்கும் காணாது. வரும் குளிர்காலத்துக்கு முன்பே கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் இதைத் தொடங்குமாறு சுகாதார மந்திரியை நாம் வற்புறுத்துகிறோம்.