வகுப்பறையில் ஒரு தூரிகை

"ஓவிய ஆசிரியராகிவிட்டால் ஓவியராக வளர முடியாது" என்று சிலர் கூறக் கேட்கிறோம். பள்ளி முடிந்த பின் தூரிகை எடுக்க நேரமேது, வண்ணம் வாங்கப் பணமேது என்பது அவர்கள் வாதம். அது முற்றும் பொய்யன்று. முழு உண்மையும் அன்று.

கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்து, அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் முதல்வரானார். அப்பொறுப்பைச் சுமந்துகொண்டே, 1963-இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் புகழ்பெற்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். படம் விற்று மட்டும் பிழைக்க இயலாத இளங்கலைஞர்கள், அவர் தலைமையில் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றனர். அப்படித்தான் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது.

தோழியரே! சுவர் இருந்தால்தானே சித்திரம்? ஓவிய ஆசிரியருக்கு நேரமே அந்தச் சுவர். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புத்தானே? அதைக் கணக்குக்குக் கொடுக்காமல், அவர் நம்முன் அமர்ந்து தம் படத்தை வரையட்டும். அவர் கும்பக்கரை அருவியைத் தீட்டுவதை அருகிருந்து கண்டால், இறைவன் நம் பெரியகுளத்துக்கு அளித்த மலையையும் மாந்தோப்பையும் நாமும் உற்றுப் பார்க்கக் கற்போம். அதற்கு மதிப்பெண் இல்லாமற் போகலாம். பயன் வாழ்நாள் முழுதும் உண்டு.