எழுந்து நடக்க விடுங்கள்



முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயுற்றோருக்கும் முதியோருக்கும் நற்கருணை கொண்டு செல்லும்போது, பங்கின் பல வீடுகளில் உள்ளறைவரை செல்லும் பேறு நமக்குக் கிடைக்கிறது. அங்கே நாம் காண்பது பெரும்பாலும் புறக்கணிப்பு அன்று; அன்புதான். விரிப்புகள் தூய்மையாக இருக்கின்றன. மருந்து வேளை தவறாமல் கொடுக்கப்படுகிறது. தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. "அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, சாமி, இருக்கிற இடத்துக்கே எல்லாம் வந்துவிடும்" என்று பிள்ளைகள் மனநிறைவோடு சொல்லுகிறார்கள். அந்த அன்பைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம். ஏனெனில் அதே அன்பினால் நாமும் ஒரு தவறு செய்தோம்.

நம் பங்கில் எழுபத்தாறு வயதுள்ள தாய் ஒருவர் இருக்கிறார், கணவரை இழந்தவர். விடியற்காலைத் திருப்பலிக்கு முதல் ஆளாக வந்து, கோவில் முற்றத்தைப் பெருக்கிவிட்டு உள்ளே வருவது அவர் வழக்கம். ஒரு கார்த்திகை மாதத்தில் கடுங்காய்ச்சல் கண்டு மூன்று வாரம் படுத்துவிட்டார். காய்ச்சல் நீங்கி எழ முயன்றபோது முழங்கால்கள் நடுங்கின. "விழுந்துவிடப் போகிறீர்கள், படுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்றார் மகன். அருகில் நின்ற நாமும், "கோவிலுக்கு வர முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அம்மா, ஆண்டவரை உங்கள் வீட்டிற்கே கொண்டு வருகிறோம்" என்றோம். அவர் கண்களில் நீர் திரண்டது. நன்றிக் கண்ணீர் என்று எண்ணிக்கொண்டு திரும்பினோம்.

நான்கு மாதங்களில், பிறர் கைகொடுக்காமல் கழிவறைக்குச் செல்ல இயலாதவராகிவிட்டார். ஒரு நாள் மருமகள் அடுக்களைக்குள் சென்றபின் தாழ்ந்த குரலில் நம்மிடம் சொன்னார்: "சாவுக்கு நான் அஞ்சவில்லை, சாமி. ஆத்திர அவசரத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டுக் காத்திருக்கிறேனே, அதுதான் தாங்க முடியவில்லை." அன்றுதான் அந்தப் பழைய கண்ணீரின் பொருள் நமக்கு விளங்கிற்று.

அவருக்கு நேர்ந்தது என்ன? மருத்துவர்கள் இதனைச் 'சார்கோபீனியா' என்கிறார்கள். தசை, வறுமை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் இட்ட பெயர் இது. தசை வறுமை என்று நாம் சொல்லலாம். நடுவயதிலேயே நம் தசைகள் மெல்லக் குறையத் தொடங்குகின்றன. அறுபதைக் கடந்தபின் அந்த இழப்பு விரைவுபடுகிறது. தசை இளைப்பதைவிட வேகமாக அதன் வலிமை குன்றுகிறது. அதிலும், சட்டென்று சுருங்கி வேகம் காட்டும் தசைநார்களே முதலில் மெலிகின்றன. கால் இடறும்போது உடலை நொடியில் தாங்கி நிறுத்துபவை அவையே. இளைஞன் இடறினால் சமாளித்துக்கொள்வதும், முதியவர் இடறினால் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதும் இதனாலும்தான்.

இது மூப்பின் வேலை. யாரும் முற்றிலும் தப்ப இயலாது. ஆனால் மூப்போடு படுக்கையும் சேர்ந்துகொண்டால் இழப்பு பன்மடங்காகிறது. உடல்நலமுள்ள முதியோர் பன்னிருவரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து நடத்திய ஆய்வொன்று 2007-இல் வெளிவந்தது. அந்தப் பத்து நாட்களில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும், கொழுப்பு நீங்கலாக, ஏறத்தாழ 1 கிலோ எடை கரைந்துபோயிருந்தது. இவர்கள் நோயாளிகள் அல்லர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அப்படியானால் காய்ச்சலோடு மூன்று வாரமும், அன்பின் பெயரால் நான்கு மாதமும் படுத்திருந்த தாயின் கால்களில் என்ன எஞ்சியிருக்கும்?

"வயதானால் அப்படித்தான், போன பலம் திரும்புமா?" என்று கேட்பீர்கள். திரும்பும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில், 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் காலால் எடை தூக்கும் பயிற்சி அளித்து, அதன் விளைவை 1990-இல் வெளியிட்டார்கள். தொண்ணூறு வயதினரின் கால் வலிமை இரு மடங்கிற்கும் மேலாகப் பெருகியிருந்தது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தனர். அதே ஆய்வாளர்கள் 1994-இல் நூறு முதியோரிடம் மற்றொன்றையும் சோதித்தார்கள். பயிற்சி இன்றிச் சத்துப் பானம் மட்டும் பருகியவர்களுக்குத் தசை வலிமை கூடவில்லை. பயிற்சி செய்தவர்களுக்கே கூடிற்று. கடையில் விலை உயர்ந்த சத்துமாவு டப்பாவை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கும் பிள்ளைகள் இதைச் சிந்திப்பார்களாக.

நம் தாயின் வீட்டிற்கு, பங்கைச் சேர்ந்த இயன்முறை மருத்துவப் பெண் ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் பெரிய கருவி எதையும் கொண்டு வரவில்லை. கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, இருக்கை உயரமாவதற்காக மடித்த கம்பளிகள் இரண்டை அதன்மேல் வைத்தார். கைகளை ஊன்றி எழுவது, மெல்ல அமர்வது: முதல் நாள் மூன்று முறைக்கே மூச்சு வாங்கியது. எட்டு முறை எளிதானபோது ஒரு கம்பளியை எடுத்துவிட்டார். பின்னர் மற்றதையும் எடுத்தார். இறுதியில் கைகளை ஊன்றாமல் எழச் சொன்னார். பயிற்சியின் இரகசியம் இதுவே: எளிதாகிவிட்டதை அப்படியே விட்டுவிடாமல், சற்றே கடினமாக்கிக்கொண்டு போகவேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டுப் பெரியவர் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரட்டும். நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். ஆசிய மருத்துவ வல்லுநர் குழுவொன்று 2019-இல் வகுத்த அளவின்படி, இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலியக்கம் குறைந்திருக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் காட்டிப் பயிற்சியைத் தொடங்குவது நலம்.

நடப்பது நல்லதே, ஆனால் நடை மட்டும் போதாது. தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாட்களாவது வேண்டும் என்றும், முதியோர் நிலைதடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சியை மூன்று நாட்களாவது செய்யவேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. நாற்காலியிலிருந்து எழுவது, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவது, 1 லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையால் தூக்கி இறக்குவது ஆகியவை எந்த எளிய வீட்டிலும் இயலும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தல் ஆகாது. நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ கண்டால் உடனே நிறுத்தவேண்டும். இதய நோயாளிகளும் எலும்பு முறிந்தவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

பயிற்சிக்கு ஏற்ற உணவும் வேண்டும். நம் வீட்டுத் தாய்மார்கள் மீன் துண்டைப் பேரனுக்குத் தள்ளிவிட்டுக் கஞ்சியும் ஊறுகாயுமாக முடித்துக்கொள்வது நாம் அறியாததன்று. கஞ்சி பசியை ஆற்றும். தசையை வளர்க்கப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. பருப்பு, சுண்டல், மீன், பால், தயிர் இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் பெரியவர்களின் தட்டில் இருக்கட்டும். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவை மீறலாகாது. தவக்காலத்தில் எழுபது வயதிலும் பட்டினி கிடந்து நடுங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, அறுபதாம் வயது தொடங்கும்போதே உண்ணா நோன்புக் கடமையிலிருந்து உங்களை விடுவித்துவிட்டது. தாயாம் திருச்சபை உங்கள் மேல் சுமத்தாத சுமையை நீங்களே சுமத்திக்கொள்ளாதீர்கள்.

பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்ததை நற்செய்தியில் வாசிக்கிறோம். ஆண்டவர் அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். காய்ச்சல் நீங்கியதும் அவர் எழுந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். படுத்திருக்கும்படி அவரிடம் யாரும் சொன்னதாக அங்கே இல்லை. கைகொடுத்து எழுப்புவது ஓர் அன்பு. எழவிடாமல் தாங்குவது வேறோர் அன்பு. தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் கட்டளை முன்னதையே நம்மிடம் கேட்கிறது என்று நாம் இப்போது நம்புகிறோம். அப்பா தம் காப்பித் தம்ளரைத் தாமே எடுத்துவரட்டும். நீங்கள் உடன் நடந்து வாருங்கள். அம்மா கீரை ஆயட்டும். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். கழிவறையில் கைப்பிடி ஒன்று பொருத்துங்கள். வழுக்கும் மிதியடியை அகற்றுங்கள். அதன்பின் அவர்களை நடக்க விடுங்கள்.

அந்தத் தாய், விண்ணேற்பு விழாவன்று ஒரு கையில் தடியும் மறுகையில் மகனின் தோளுமாகக் கோவிலுக்கு வந்து சேர்ந்தார். முற்றத்துத் துடைப்பம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அதை அவர் திரும்பக் கேட்கவுமில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர், நற்செய்தி வாசிக்கத் தொடங்கியதும் எல்லோரோடும் சேர்ந்து எழுந்து நின்றார். பீடத்திலிருந்து அதனைக் கண்ட நமக்கு, வாசிக்க வேண்டிய வரி சற்றுநேரம் கண்ணுக்குத் தெரியவில்லை.

இம்மாத முதல் வெள்ளியன்று உங்கள் வீட்டிற்கு வரும்போது, உங்கள் பெரியவர்கள் வாசலுக்கு வந்து நம்மை வரவேற்கக் காண்போமாக. இறைவனின் ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.