சர்வரை மாற்றுவதா என்பது இரண்டாவது கேள்வி

ஆய்வாளர்கள் குடியிருக்கும் வாடகை வீடுகளில் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் இன்று இன்னொரு பொருளும் இடம்பிடித்திருக்கிறது. நான்கு வன்தட்டுகள் செருகப்பட்டு, இரவும் பகலும் மெல்ல இரைந்துகொண்டிருக்கும் ஒரு சிறு பெட்டி. திரைப்படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் என்று வாங்கப்பட்ட ஊடக சர்வர் அது. நாளடைவில் ஆய்வும் அதற்குள் குடியேறிவிடுகிறது. களப்பணி ஒலிப்பதிவுகள், ஓலைச்சுவடிகளின் ஒளிப்படங்கள், நேர்காணல் காணொளிகள், பாதியில் நிற்கும் இயல்கள், குடும்பப் படங்கள் என எல்லாம் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒருநாள் ஒரு வன்தட்டுக்கு மேல் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பெட்டியைக் கலைத்துப் புதிதாகக் கட்டுவதா, இப்படியே ஓட்டுவதா என்ற கேள்வி அன்று எழுகிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் மாதங்கள் கழிகின்றன. எந்த வன்தட்டு, எந்தக் கோப்பு முறைமை, எத்தனை ஜிபி நினைவகம் என்று ஒப்பீடுகள் நீள்கின்றன. உதவித்தொகை வந்ததும் வாங்கலாம் என்று முடிவு தள்ளிப்போகிறது. அந்த மாதங்கள் முழுவதும் ஆய்வுத் தரவு ஒரே பெட்டிக்குள், ஒரே மின்இணைப்பை நம்பி இருக்கிறது. கேள்வி தவறானதன்று. அது முதலாவதாகக் கேட்கப்படுவதுதான் தவறு. பெட்டிக்குள் இருப்பவற்றுள் மீண்டும் எங்கும் கிடைக்காதவை எவை, அவற்றுக்கு வேறிடத்தில் பிரதி உண்டா என்பதே முதற்கேள்வி. இதற்கு விடை கிடைத்துவிட்டால் சர்வர் பற்றிய முடிவு வெறும் வசதி பற்றிய முடிவாகச் சுருங்கிவிடும். கிடைக்காதவரை எவ்வளவு நல்ல சர்வரும் பாதுகாப்பாகாது.

இந்தக் குழப்பத்தின் வேர் ரெய்டு என்னும் அமைப்பைப் பற்றிய தவறான புரிதல். பல வன்தட்டுகளை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று பழுதானாலும் மற்றவை தொடர்ந்து இயங்குமாறு செய்யும் முறை அது. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட கட்டுரை இதற்குப் பெயரும் வகைப்பாடும் தந்தது. வன்தட்டு பழுதாவதால் பணி நின்றுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். கைதவறி அழிக்கப்பட்ட கோப்பை அது மீட்காது, ஏனெனில் அழிப்பும் எல்லாத் தட்டுகளிலும் ஒரே கணத்தில் நிகழ்கிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலையும், மின்னழுத்த ஏற்றத்தையும், திருட்டையும், தரைத்தளத்துக்குள் புகும் மழைநீரையும் அது தடுக்காது. 2005 ஜூலை 26 அன்று மும்பையிலும், 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளத்துக்கு முன்னால் ஒரு தட்டும் நான்கு தட்டும் ஒன்றுதான்.

கலைத்துக் கட்டும் வேலையிலேயே ஒரு பெரிய ஆபத்தும் அடங்கியிருக்கிறது. நான்கு தட்டுகளுள் ஒன்று பழுதாகிப் புதியது செருகப்படுகிறது என்று கொள்வோம். 12 டெராபைட் தட்டொன்றை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்புவதற்கு ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் மற்ற மூன்று தட்டுகள் தொடக்கம் முதல் இறுதிவரை படிக்கப்பட வேண்டும். பெரும்பாலும் அவை ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கப்பட்டவை. ஒரே வெப்பத்தில், ஒரே மின்வெட்டுகளுக்கிடையே ஒன்றாக மூப்படைந்தவை. ஒன்று சோர்ந்த வேளையில் மற்றவற்றின் மீது மிகப்பெரிய சுமை ஏற்றப்படுகிறது. ஒரு தட்டின் இழப்பை மட்டும் தாங்கும் அமைப்பில், அப்போது இரண்டாவது தட்டும் விழுந்தால் எல்லாமும் போகும். பாதுகாப்புக்காகச் செய்யும் வேலையே தரவுக்கு மிக ஆபத்தான பொழுதாக அமைவது இப்படித்தான்.

இது அறியாதவர்களுக்கு மட்டும் நேரும் விபத்தன்று. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான கணினியில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் மறைந்தது. காப்புப் பிரதிக்கென்று ஏற்பாடு செய்திருந்த ஐந்து வழிகளுள் எதுவும் நம்பத்தக்க வகையில் இயங்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுத்த பிரதியே கைகொடுத்தது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், காப்புப் பிரதி எடுப்பதற்கான நிரலே பிழையாகி, சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவை அழித்தது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், ஆய்வேட்டுக்கும் வகுப்புக்கும் இடையே இரவில் சர்வரைப் பராமரிக்கும் ஓர் ஆய்வு மாணவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை வாங்குவதன்று, பிரிப்பது. ஒரு கணக்கைப் பார்க்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடம் என்னும் ஆவணக்காப்பகத் தரத்தில் ஒரு மணி நேர ஒலிப்பதிவு சுமார் 1.04 ஜிகாபைட் இடம் கொள்ளும். முந்நூறு மணி நேரக் களப்பணிக்கு 311 ஜிகாபைட். ஏட்டுக்கு 50 மெகாபைட் என்று ஐயாயிரம் ஏடுகளின் படங்களுக்கு 250 ஜிகாபைட். குறிப்புகளும் எழுத்துப்பெயர்ப்புகளும் இவற்றோடு ஒப்பிட்டால் அணுவளவு. ஓர் ஆய்வாளரின் பல ஆண்டு உழைப்பு ஒரு டெராபைட் கொண்ட கையடக்க வன்தட்டில் அடங்கிவிடும். பெட்டியில் உள்ள பத்து டெராபைட்டுள் எஞ்சியது பெரும்பாலும் திரைப்படங்களும் தொடர்களும். அவை போனால் வருத்தம்தான், ஆனால் மீண்டும் கிடைக்கும். பத்து டெராபைட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதால்தான் பாதுகாப்பு கட்டுப்படியாகாத செலவாகத் தோன்றுகிறது.

மீண்டும் கிடைக்காதது என்ற சொல்லின் பொருளை அந்தமான் உணர்த்துகிறது. போ மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதரான போவா மூதாட்டி 2010 ஜனவரி 26 அன்று காலமானார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவருடன் அமர்ந்து பதிவுசெய்த பேச்சும் பாட்டும் இன்று நிற்கின்றன. அந்தப் பதிவுகள் இல்லாதிருந்தால், மீண்டும் போய்ப் பதிவுசெய்துவரலாம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. எல்லா ஆய்வும் இவ்வளவு அரியதன்று. ஆனால் ஒடிசாவின் ஒரு மலைக்கிராமத்திலோ ராஜஸ்தானின் ஒரு கலைஞர் குடியிருப்பிலோ எண்பது வயதுக்காரர் ஒருவரைப் பதிவுசெய்த ஒவ்வொரு ஆய்வாளரிடமும் அந்த வகைத் தரவு கொஞ்சமேனும் இருக்கிறது. அது ஆய்வாளரின் சொத்து மட்டுமன்று. தம் நேரத்தையும் குரலையும் நம்பிக் கொடுத்தவர்களின் சொத்தும்கூட.

அளவு பெரிது, அதனால் பிரதி எடுக்க இயலவில்லை என்ற காரணம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அண்மைச் சான்று தென்கொரியா. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகளைக் கொண்டிருந்த 858 டெராபைட் சேமிப்பு அழிந்தது. கொள்ளளவு மிகப் பெரிதாக இருந்ததால் வெளியிடத்தில் அதற்குப் பிரதி வைக்கப்படவில்லை என்பதே அதிகாரிகள் தந்த விளக்கம். எல்லாவற்றுக்கும் பிரதி எடுக்க இயலாது என்பது, எதற்குமே பிரதி எடுக்காமல் இருப்பதற்கான நியாயமாக மாறிவிடுகிறது. வீட்டு ஊடக சர்வரிலும் நடப்பது இதுவே, சிறிய அளவில்.

பிரித்த பிறகு செய்ய வேண்டியது எளிது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்பது ஒளிப்படத் துறையில் பிறந்து எங்கும் பரவிய விதி. சர்வரில் உள்ளது ஒன்று. மேசை இழுப்பறையில், மின்இணைப்பில்லாமல் உறங்கும் வெளிவன்தட்டு இரண்டாவது. இன்னொரு ஊரில் பெற்றோர் வீட்டிலோ, குறியாக்கம் செய்யப்பட்டு இணையச் சேமிப்பிலோ இருப்பது மூன்றாவது. 500 ஜிகாபைட்டை வினாடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 28 மணி நேரம் போதும். ஒரு வார இறுதியில் முடியும் வேலை. ஆனால் ஒரு படி இங்கே பெரும்பாலும் விடுபடுகிறது. பிரதியிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, திறந்து, கேட்டுப்பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதி பிரதியன்று, நம்பிக்கை மட்டுமே. கிட்லேபின் ஐந்து வழிகள் கற்பித்ததும் அதுதான்.

இவை முடிந்த பிறகு சர்வரைப் புதிதாகக் கட்டுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது ஓசையற்ற சிதைவு. வன்தட்டில் ஒரு பிட் மாறினால் பழைய கோப்பு முறைமைகள் பல அதை அறிவதில்லை. கோப்பு திறக்கும், ஒலியின் நடுவே ஓர் இரைச்சல் கேட்கும், அது எப்போது நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. சிதைந்த கோப்பே பிறகு பிரதிகளுக்கும் போய்ச் சேரும். 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்எஃப்எஸ் போன்ற முறைமைகள் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து வைக்கின்றன. படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால் பிழையை அறிவிக்கின்றன. நல்ல பிரதி அருகில் இருந்தால் அதைக்கொண்டு திருத்தியும் விடுகின்றன. குறித்த நேரத்து நிலையை அப்படியே நிறுத்திவைக்கும் வசதியால் கைதவறி அழித்தவற்றையும் மீட்க முடிகிறது. சுவடியியலில் பாடபேதம் பார்க்கப் பயின்றவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

மற்றொரு காரணம் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய பெட்டிகள். 2015க்குப் பிறகு திருத்தம் பெறாத ஒருவகை வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள், இணையத்தில் இணைந்திருந்த காரணத்தால், 2021 ஜூனில் உலகெங்கும் தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டன. அத்தகைய பெட்டியை மாற்றுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஒரு தட்டில் வாரந்தோறும் ஏறுகிறது என்றாலும் அப்படியே. ஆனால் புதிய மாதிரி வந்திருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. அந்தப் பணத்தில் இரண்டு வெளிவன்தட்டுகள் வாங்குவது தரவுக்குச் செய்யும் பெரிய நன்மை.

எல்லாவற்றையும் இணையச் சேமிப்பில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு அளித்துவந்த வரம்பற்ற சேமிப்பை நிறுத்தப்போவதாகக் கூகுள் 2021இல் அறிவித்தது. நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் என்ற பொது ஒதுக்கீடு அதன் இடத்தில் வந்தது. பட்டம் பெற்று வெளியேறும் நாளில் பல்கலைக்கழகக் கணக்கே மூடப்படலாம். மேலும், ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. கணினியில் அழித்தால் மேகத்திலும் அழியும். மூன்றாவது பிரதியாக அது நன்று. ஒரே பிரதியாக அது இன்னொருவரின் முடிவுக்குக் கட்டுப்பட்ட இருப்பு.

பேசப்படாத ஒன்று எஞ்சியிருக்கிறது. நேர்காணல்களில் மனிதர்களின் பெயரும் சாதியும் நோயும் வழக்குகளும் பதிவாகியிருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு நிபந்தனையுடன் விலக்கு அளிக்கிறது. சட்டத்தின் விலக்கு அறத்தின் விலக்காகாது. வீட்டில் உள்ள எல்லோரும் படம் பார்க்கத் திறக்கும் அதே பெட்டியில் அந்தப் பதிவுகள் பூட்டின்றிக் கிடப்பது முறையன்று. அவை குறியாக்கம் செய்யப்பட வேண்டும். அதோடு, கடவுச்சொல் ஆய்வாளருடன் மறைந்துவிடாதபடி நம்பிக்கைக்குரிய இன்னொருவரிடம் முத்திரையிட்ட உறையில் இருக்க வேண்டும். பூட்டே இல்லாத தரவும் திறக்கவே முடியாத தரவும் தகவலாளருக்குச் செய்யும் இருவகைத் துரோகங்கள்.

இவை அனைத்தையும் தனி ஆய்வாளரின் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. ஆய்வேட்டின் மென்பிரதியை ஷோத்கங்காவில் சேர்க்குமாறு கேட்கும் அமைப்பு, அந்த ஆய்வேடு நிற்கும் மூலத்தரவு எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. பதிவுக்கருவி வாங்க நிதி உண்டு, பதிவைக் காக்க நிதி இல்லை. 1982இல் தொடங்கப்பட்டு இன்று குருகிராமில் இயங்கும் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் இசையினவியல் ஆவணக்காப்பகம், ஆய்வாளர்களின் களப்பதிவுகளைப் பெற்றுப் பேணுகிறது. அப்படியொரு ஏற்பாடு ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திலும் ஏன் இருக்கக் கூடாது என்று ஆய்வு மாணவர் அமைப்புகள் கேட்க வேண்டும். ஆய்வுத் திட்டத்தின் முதல் வரைவிலேயே தரவுக் காப்புக்கென ஒரு தொகையை நெறியாளர்கள் எழுதவைக்க வேண்டும்.

அந்த மாற்றம் வரும்வரை எச்சரிக்கை விளக்கு காத்திருக்காது. வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டியவர் இப்போதைக்கு ஆய்வாளரே. புதிய சர்வர் அடுத்த ஆண்டு வரலாம், வராமலும் போகலாம். மீண்டும் கிடைக்காத அந்த 600 ஜிகாபைட்டின் இரண்டாவது பிரதி இந்த வாரமும், வேறிடத்துப் பிரதி இந்த மாதமும் எடுக்கப்பட்டுவிட்டால், அதன்பின் சர்வரைக் கலைக்கலாம், கட்டலாம், பழையபடியே ஓடவும் விடலாம். எந்த முடிவானாலும், களத்தில் பேசிய குரல்கள் அந்த ஒரு பெட்டியை நம்பியிருக்க வேண்டிய நிலை இராது.