பழைய ஜீப்புக்கும் ஒரு தொடர்வைப்பு

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழகமும் கர்நாடகமும் ஆந்திரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடத்துக்கு அருகே உள்ளது ராமகுப்பம் மண்டலம். ஒரே கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கேட்கும் ஊர்ப்புறம் இது. சந்தை நாளில் சாலையோரம் நிற்கும் வாகனங்களின் எண் பலகைகளிலும் மூன்று மாநிலங்களைக் காணலாம். அவற்றுள் கணிசமானவை வயதானவை. மகிந்திராவின் எம்எம் 540, கமாண்டர், மேஜர், பழைய பொலேரோ, ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்று ஏலத்தில் வந்த மாருதி ஜிப்சி என்று பதினைந்து, இருபது ஆண்டுகளைக் கடந்தும் நான்கு சக்கரங்களுக்கும் விசை பாய்ச்சி ஓடுகின்ற வண்டிகள் அவை. நகரத்திலிருந்து வருவோருக்கு இவை பழைய இரும்பாகத் தோன்றலாம். கடன் விண்ணப்பங்களையும் அடகு நகைகளையும் அன்றாடம் கையாளும் வங்கி அலுவலர்களாகிய எங்கள் கருத்து வேறு. தேவை உள்ளவரிடம் இத்தகைய வாகனம் நல்ல சொத்து. ஆனால், அதன் பராமரிப்புச் செலவை எதிர்பாராத விபத்தாகக் கருதாமல், மாதந்தோறும் கட்ட வேண்டிய தவணையாகக் கருதுபவரிடம் மட்டுமே அது சொத்தாக நீடிக்கும். மற்றவரிடம் அது வீட்டு நகையை ஒவ்வொன்றாக அடகுக்கு அனுப்பும் கருவியாகிவிடுகிறது.

தேவை என்று நாங்கள் சொல்வதற்கு இப்பகுதியின் நிலமே சான்று. 1990-இல் அறிவிக்கப்பட்ட கவுண்டின்யா வன உயிரினச் சரணாலயம் பலமநேரிலிருந்து குப்பம் வரை நீள்கிறது. நனியாலாவில் வனத்துறையின் யானை முகாம் உள்ளது. காட்டை ஒட்டிய தோட்டங்களில் தக்காளியும் மல்பெரியும் விளைகின்றன. கறவை மாடு இல்லாத வீடு குறைவு. பெருமழைக்குப் பின் தோட்டத்துச் செம்மண் பாதையில் சாதாரணக் கார் பாதி தூரமும் போகாது. பறித்த தக்காளி மறுநாள் காலைக்குள் வி.கோட்டா சந்தையைச் சேராவிட்டால் விலை போய்விடும். கறந்த பாலுக்கோ அவ்வளவு பொறுமையும் இல்லை. யானைகள் இரவில் தோட்டத்துக்கு வரும் ஊர்களில், காட்டோரப் பாதையில் எஞ்சின் நின்றுபோன வண்டியில் அமர்ந்திருப்பது பணத்தால் மட்டும் அளக்கக்கூடிய இழப்பும் அன்று. ஆகவே இங்கு நான்கு சக்கர விசை ஆடம்பரம் ஆகாது. புதிய நான்கு சக்கர விசை வாகனம் ஒன்று இன்று பத்து லட்சத்தைத் தாண்டுகிற விலையில் கிடைக்கையில், ஐந்து ஏக்கர் விவசாயி பழையதைத் தேடுவது நியாயமே.

இதே நியாயம் எல்லோருக்கும் பொருந்தாது. குப்பம் நகருக்குள்ளும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் மட்டுமே ஓட்டுபவர், பெரிய சக்கரமும் உயர்ந்த தோற்றமும் கவர்ந்ததற்காகப் பழைய ஜீப்பை வாங்கினால், பயன்படாத உறுப்புகளுக்குப் பராமரிப்புச் செலவு செய்கிறார் என்பதே பொருள். முன் அச்சு, முன் டிஃபரன்ஷியல், விசையை முன்னும் பின்னும் பிரித்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கூடுதலாக ஒரு ஜாயிண்ட் ஆகியவை இரு சக்கர விசை வாகனத்தில் இல்லாதவை. ஒவ்வொன்றுக்கும் எண்ணெயும் கிரீஸும் சீலும் வேண்டும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அவை தேயும் அல்லது காயும்.

வணிகவியல் படித்தவர்கள் தேய்மானக் கணக்கை எளிதில் மறப்பதில்லை. வருமான வரி விதிகளின்படி சாதாரண மோட்டார் காருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, குறையும் மதிப்பின் மீது கழிக்கப்படுகிறது. 8 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வண்டி இக்கணக்கில் பத்தாண்டு முடிவில் ஏறத்தாழ ஒன்றரை லட்சத்துக்கும், பதினைந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 70 ஆயிரத்துக்கும் இறங்கிவிடும். ஏட்டில் 70 ஆயிரமாக நிற்கும் அந்த வண்டி தோட்டத்தில் நாளொன்றுக்கு முன்போலவே அதே எடையைச் சுமக்கிறது. ஏட்டு மதிப்புக்கும் உழைப்பு மதிப்புக்கும் இடையே இருக்கும் இந்த வேறுபாடுதான் பழைய வாகனத்தின் ஆதாயம். அந்த ஆதாயத்தின் ஒரு பகுதியைத் திரும்ப வண்டிக்கே செலுத்தாதவர், முதலை எடுத்து உண்கிறார்.

வாங்க வருவோர் முதலில் கேட்பது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதே. இக்கேள்விக்கு அளிக்கப்படும் முக்கியத்துவம் மிகை என்பது எங்கள் எண்ணம். பழைய வண்டிகள் பலவற்றில் ஓடோமீட்டர் 99,999-ஐ எட்டியதும் மீண்டும் சுழியத்துக்குத் திரும்பிவிடும். அதனை இயக்கும் கேபிள் அறுந்து ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த வண்டிகளும் உண்டு. எண்ணைக் குறைத்து வைக்கும் கையாடலும் உண்டு. எண் உண்மையாகவே இருந்தாலும் அது சொல்வது பாதிக் கதை. கல் குவாரியில் முதல் கியரில் ஏறி இறங்கிய 60,000 கிலோமீட்டரும், தார்ச்சாலையில் சீராக ஓடிய இரண்டு லட்சம் கிலோமீட்டரும் ஒன்றல்ல. இரண்டாவது வண்டியே பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். ஓடோமீட்டரை விடப் பட்டறை ரசீதுகள் கோக்கப்பட்ட ஒரு கோப்பு அதிகம் பேசும். எந்தத் தேதியில் எஞ்சின் எண்ணெய் மாற்றப்பட்டது, கிளட்ச் எப்போது போடப்பட்டது, ரேடியேட்டர் எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதிவைத்த பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தால், அவ்வண்டிக்குச் சில ஆயிரங்கள் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அடுத்து வண்டியின் அடிப்பகுதி. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் நின்ற வண்டியின் சட்டம் உள்ளேயிருந்து துருவேறும். மேலே புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். சித்தூர், கோலார்ப் பகுதிகளின் வறண்ட காற்றில் வாழ்ந்த வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆகையால் சென்னையிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று கொண்டுவரப்படும் வண்டியை மேடையேற்றி, சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. சட்டத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால், விட்டுவிடுவதே நலம்.

இவ்வகை ஜீப்புகளில் பெரும்பாலானவை தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர விசையை இணைத்துக்கொள்ளும் அமைப்பு உடையவை. வளைவில் திரும்புகையில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்கின்றன. அவ்வேறுபாட்டை ஈடுசெய்யும் நடு டிஃபரன்ஷியல் இவற்றில் இல்லை. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல், முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்லிலும் ஜாயிண்ட் கிராஸிலும் ஏறும். நான்கு சக்கர விசை இருப்பது பாதுகாப்பு என்று எண்ணி மலைப்பாதைத் தார்ச்சாலையிலும் அதை இணைத்தே ஓட்டுபவர்கள் உண்டு. அவர்கள் சேமிப்பது எதுவும் இல்லை. டயரும் கியரும்தான் தேய்கின்றன. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போடுவதும், புதிய இரண்டையும் தேய்ந்த இரண்டையும் கலப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

ஓராண்டு முழுவதும் நான்கு சக்கர விசையைத் தொடாமல் வைத்திருந்து, மழை நாளில் திடீரென லீவரை இழுத்தால் அது இறங்க மறுப்பதும் இயல்பே. மாதத்துக்கு ஒரு முறை மண் பாதையில் சில கிலோமீட்டர் இணைத்து ஓட்டினால் எண்ணெய் எல்லாப் பாகங்களுக்கும் பரவும், சீல்கள் காயா. ஓடையில் சக்கரத்தின் மையம் நனையும் அளவுக்கு நீரில் இறங்கிய வண்டியின் டிஃபரன்ஷியல் எண்ணெயை அடுத்த சில நாட்களுக்குள் பார்த்துவிட வேண்டும். எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது. அன்றே மாற்றினால் எண்ணெயின் விலை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பேரிங்கின் விலை, பின்னர் கிரவுன் பினியனின் விலை. பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பேர்ணாம்பட்டு மலைப்பாதையில் சுமையுடன் இறங்கியவர்களுக்குத் தெரியும்.

இனி எங்கள் மேசைக்கு வரும் பகுதி. பழைய வாகனத்துக்குக் கடன் தரும் வங்கிகள் பொதுவாக, கடன் முடியும் நாளில் வாகனத்தின் வயது ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கின்றன. பதினைந்து வயது ஜீப்புக்கு வாகனக் கடன் கிடைப்பது அரிது. விளைவு, வாங்கும் தொகை சேமிப்பிலிருந்து போகிறது. ஓராண்டுக்குள் எஞ்சின் வேலை வரும்போது நகைக் கடன் தொடங்குகிறது. நகைக் கடனைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. விதைக்கும் உரத்துக்கும் அது சிறந்த துணை, ஏனெனில் அறுவடை அதை மீட்டுவிடும். பழுது நீக்கிய கியர் பாக்ஸ் எதையும் அறுவடை செய்வதில்லை. அது வண்டியை நேற்றைய நிலைக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே. வட்டி ஏறி, மறு அடகு வைத்து, கடைசியில் ஏல அறிவிப்பு வரும் கணக்குகளின் தொடக்கத்தில் இத்தகைய பழுது ஒன்று நிற்பது உண்டு. அறிவிப்பைக் கையில் வாங்கும்போது வீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்ப்பது எங்களுக்கும் எளிதன்று.

ஆகவே எங்கள் யோசனை இது. வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு ரூபாய் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது 24,000 ரூபாய், மாதம் 2,000. டீசலுக்கும் காப்பீட்டுக்கும் மேலாக, இதை மூன்றாண்டுத் தொடர்வைப்பாகச் செலுத்தினால் அசல் மட்டும் 72,000 ரூபாய் சேரும், வட்டி தனி. கிளட்ச், பிரேக், டயர் ஆகிய சிறு வேலைகளை அன்றாட வருவாயில் பார்த்துக்கொண்டு, எஞ்சின் பிரிக்கும் வேலைக்கு இந்தத் தொகையைக் காத்து வைக்கலாம். பால் பணம் வங்கிக் கணக்குக்கே வருகிற வீடுகளில், அது வரும் தேதிக்கு மறுநாளே தவணை பிடித்தம் ஆகும்படி உத்தரவு கொடுத்துவிட்டால் கைக்கு வந்து கரையும் வாய்ப்பே இல்லை. இரண்டு ரூபாய் எல்லோருக்கும் பொருந்தும் விகிதமன்று. குவாரியில் ஓடும் வண்டிக்கு மூன்று வைக்கலாம். விகிதத்தை விட, அது ஒவ்வொரு மாதமும் தவறாமல் போவதே முக்கியம்.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம். வாகனத்தின் அறிவிக்கப்பட்ட மதிப்பு முதல் ஐந்தாண்டுகளுக்கு அட்டவணைப்படி குறைகிறது. அதற்குப் பின் அது நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறைய வேண்டுமென்று மதிப்பை மிகக் குறைத்து எழுதச் சொல்பவர், வண்டி முற்றிலும் சேதமானால் அந்தக் குறைந்த தொகையையே பெறுவார். உறுப்பு மாற்றும்போது ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதி விலை கழிக்கப்படும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் தன் வண்டியின் சேதத்துக்கு ஒன்றும் வராது.

மூன்று மாநில எல்லையில் வாழ்வோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஆவணங்கள். வேறு மாநிலத்தில் பதிவான வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆம் பிரிவின்படி இம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய மாநிலத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இம்மாநில வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். வாணியம்பாடியில் ஐம்பதாயிரம் மலிவாகக் கிடைத்தது என்ற மகிழ்ச்சியில் இந்த வரியைக் கணக்கில் சேர்க்கத் தவறுவது வழக்கமாகிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் பழைய கடன் கொடுத்தவரின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா, எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பழைய ஜீப்புகளில் எஞ்சின் மாற்றம் சர்வசாதாரணம். பதிவு அலுவலகத்தில் அதைத் தெரிவிக்காமல் விட்டால் இழப்பீட்டு நேரத்தில் சிக்கல்.

விற்பவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வண்டியைக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்பது தவறான நம்பிக்கை. 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்கு உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கைமாறிக் கைமாறி நான்காவது ஆளிடம் ஓடும் வண்டி பதிவேட்டில் முதலாமவர் பெயரிலேயே இருந்தால், விபத்துக்குப் பின் நீதிமன்றத்தின் கடிதம் முதலாமவர் வீட்டுக்கே வரும். பெயர் மாற்றம் முடிந்த பிறகே மீதிப் பணத்தைத் தருவதும் பெறுவதும் இருவருக்கும் நல்லது.

பழைய வாகனங்களை வயதை மட்டும் பார்த்து ஒதுக்குவது சரியா என்ற விவாதம் நாடெங்கும் நடக்கிறது. டெல்லிப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அங்குள்ள காற்றின் நிலை அப்படி. ஆந்திரத்தில் சொந்த உபயோக வாகனம் பதினைந்தாண்டு முடிந்ததும் பரிசோதனைக்குப் பின் ஐந்தைந்தாண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கார் வகைக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இருபதாண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் மேலும் கூட்டப்பட்டது. பழைய டீசல் எஞ்சின் புதியதை விட அதிகமாகப் புகை விடும் என்பதை மறுக்க இயலாது. ஆயினும் நன்கு பேணப்பட்ட இருபது வயது வண்டியையும் கவனிப்பாரற்ற எட்டு வயது வண்டியையும் வயது என்ற ஒரே கோலால் அளப்பது எங்களுக்கு உடன்பாடன்று. பரிசோதனை கடுமையாக இருக்கட்டும், தேறுவது ஓடட்டும். வங்கிகளும் கடன் பரிசீலனையில் தயாரிப்பு ஆண்டுடன் பராமரிப்புப் பதிவேட்டையும் கேட்கத் தொடங்கினால், ஒழுங்காக வைத்திருப்பவருக்கு அதன் பலன் வட்டியில் கிடைக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசி மாதத்திலேயே கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரு டிஃபரன்ஷியல்கள் ஆகிய நான்கின் எண்ணெயையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பிரேக் எண்ணெயையும், ஸ்டெப்னியையும். ரசீதைத் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த முறை கிளைக்கு வரும்போது அந்தக் கோப்பையும் எடுத்து வாருங்கள்.