ஆங்கிலம் அறிவோம்: சுவரில் தெரியும் எழுத்து



கடிதத்தில் ஓர் ஆங்கில மரபுத்தொடரைச் சேர்த்தால் எழுத்துக்குக் கனம் கூடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பொருள் தெரியாமல் சேர்த்தாலோ, நாம் கேட்க வந்ததற்கு எதிராகவே கடிதம் பேசிவிடும். அப்படியான ஒரு தொடரை இம்மாதம் பார்ப்போம். 'த றைற்றிங் ஒன் த வோல்'.

சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'சுவரில் உள்ள எழுத்து'. ஆனால் கச்சேரிச் சுவரில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பட்டியலை இது குறிக்காது. அதற்கு 'நோட்டீஸ்' என்ற சொல் போதும். அழிவோ தோல்வியோ வரப்போவது வெளிப்படையாகத் தெரிந்துவிட்டது என்பதே இத்தொடரின் பொருள்.

இது விவிலியத்தில், தானியேல் நூலின் 5ஆம் அதிகாரத்தில் இருந்து வந்தது. பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார் பெரிய விருந்து வைத்தான். எருசலேம் ஆலயத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பாத்திரங்களில் மது அருந்தினார்கள். அப்போது ஒரு மனிதக் கையின் விரல்கள் தோன்றிச் சுவரில் எழுதின. ஞானிகள் எவராலும் அதை வாசிக்க முடியவில்லை. தானியேலை அழைக்கலாம் என்று நினைவூட்டியவள் அரசிதான். உன் ஆட்சியின் நாட்கள் எண்ணி முடிக்கப்பட்டன என்று தானியேல் விளக்கினார். அன்றிரவே அரசன் கொல்லப்பட்டான் என்கிறது அந்நூல். பாபிலோன் பாரசீகர் வசமானது கி.மு. 539இல்.

இனி, எழுதும் முறை. ஒரு தொழிற்சாலை மூடப்படப் போவது உறுதியென்றால், 'த றைற்றிங் இஸ் ஒன் த வோல் ஃபோர் த ஃபக்ரறி' என்று எழுதலாம். அதை ஒருத்தி முன்கூட்டியே உணர்ந்தாள் என்றால், 'ஷீ சோ த றைற்றிங் ஒன் த வோல்'. இரண்டு இடத்திலும் 'த' வரவேண்டும். 'றைற்றிங்ஸ்' என்று பன்மையாக்கக் கூடாது. 'ஒன்' என்பதற்குப் பதிலாக 'இன்' போடக் கூடாது. அமெரிக்கர் 'ஹான்ட்றைற்றிங்' என்றும் எழுதுவர்; அது பிழையல்ல. நல்ல சகுனத்துக்கு இத்தொடரை ஒருபோதும் பயன்படுத்துவதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உங்கள் மாதர் சங்கத்தின் தையல் நிலையம் நட்டத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உதவி கேட்டு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு எழுதும் கடிதத்தில் இத்தொடரைப் போட்டால், "இது முடிந்த கதை, காப்பாற்ற வழியில்லை" என்றே வாசிப்பவர் விளங்கிக்கொள்வார். முடிந்துபோன ஒன்றுக்கு யார் உதவுவார்கள்? 'தெயர் ஆர் வோர்னிங் சைன்ஸ்' என்று எழுதுங்கள். ஆபத்தின் அறிகுறிகள் தெரிகின்றன, இன்னும் காலம் இருக்கிறது என்பது அதில் அடங்கும்.

காணாமற்போன மகனைத் தேடித்தரும்படி எழுதும் தாயின் கடிதத்தில் இத்தொடர் வரவே கூடாது. நம்பிக்கையைக் கைவிட்டேன் என்று அவள் சொல்லாததைக் கடிதம் சொல்லிவிடும்.

இன்னொன்று. தமிழும் ஆட்சிமொழி என்பதை 1987இல் வந்த 13ஆவது திருத்தம் உறுதிசெய்தது. ஆகவே அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், பொருள் நிச்சயமாகத் தெரிந்த எளிய சொற்களையே எழுதுங்கள்.

இம்மாதப் பயிற்சி: 'ஆபத்தின் அறிகுறி தெரிகிறது', 'முடிவு உறுதியாகிவிட்டது' ஆகிய இரண்டுக்கும் உங்கள் ஊரிலிருந்தே ஒவ்வோர் உதாரணம் எடுத்து, ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.