நாக்கு நின்றால் நினைவும் நின்றதா?

"அவருக்கென்ன தெரியும்? நீங்கள் மேலே பேசுங்கள்!"

கும்பகோணத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் நம் செவியில் விழுந்த பேச்சு இது. பேசியவர் மகன். 'அவர்' என்று சுட்டப்பட்டவர் தந்தை. கைக்கெட்டும் தொலைவில், சாய்வு நாற்காலியில், கண் திறந்து அமர்ந்திருந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் வாழ்நாளெல்லாம் உழைத்தவர். பாரிசவாயு வந்தது, வலக்கை விழுந்தது, பேச்சும் போயிற்று. எஞ்சியது ஒரே ஒரு சொல்: "ஆமா." தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆமா, வேண்டாமென்றாலும் ஆமா. கொடிக்காலை விற்கப் பத்திரம் ஆயத்தமாக இருந்தது. "வித்துடலாமாப்பா?" என்றார் மகன். "ஆமா" என்றார் பெரியவர், இடக்கையால் பத்திரத்தைத் தள்ளியபடியே! வாய் சொன்னதைக் கேட்டார்கள். கை சொன்னதைக் கண்டாரில்லை.

நம்முடன் வந்த தோழர், மேடை ஏறினால் மூடநம்பிக்கையை முறித்துப் போடுபவர், மெல்லச் சொன்னார்: "பாவம், மூளை போய்விட்டது." தோழர்களே! மகன் மீது பிறந்ததைவிட இந்தத் தோழர் மீதே நமக்குச் சினம் மிகுதியாகப் பிறந்தது. ஆதாரம் கேட்காமல் எதையும் ஏற்காதே என்று ஊருக்கு உரைக்கிறோமே, பேச்சு நின்றவனுக்கு அறிவும் நின்றது என்பதை மட்டும் எந்த ஆதாரத்தைப் பார்த்து ஏற்றோம்?

1861ஆம் ஆண்டு. பாரிசு நகரை அடுத்த பிசேத்தர் மருத்துவமனையில் லெபோர்ன் என்றொரு நோயாளி. எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். வேறு சொல் வராது. "இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறாய்?" என்று கேட்டார் மருத்துவர் பால் புரோக்கா. லெபோர்ன் கையை நான்கு முறை விரித்தார். பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று! கணக்குச் சரி. சில நாளில் அவர் இறந்தார். மூளையைப் பார்த்தபோது இடப்புற முன்பகுதியில் பழுது இருந்தது. அஃபேசியா என்று மருத்துவர் இன்று அழைக்கும் பேச்சிழப்பின் வரலாற்றில், இந்த 'டான்' மறக்க முடியாத சொல்.

அப்படியானால் இவர்களுக்கு எல்லாமே புரிகிறதா? இல்லை; நமக்கு வசதியாக இருக்கிறதென்று பொய் சொல்லலாகாது. "மாடு வைக்கோலைத் தின்றது" என்றால் பலருக்குப் புரியும். வைக்கோல் மாட்டைத் தின்னாதென்று உலகமே சொல்லிக் கொடுத்திருக்கிறதல்லவா? "முருகனை வேலன் அடித்தான்" என்னும்போதுதான் இடர். அடித்தவன் யார், அடிபட்டவன் யார்? உலக அறிவு உதவாது; சொற்கட்டே சொல்ல வேண்டும். தமிழில் அந்தச் சுமை முழுதும் 'ஐ' எனும் சிற்றுருபின் தலையில். இரண்டாம் வேற்றுமை என்று வகுப்பில் நாம் ஓதுகிறோமே, அதுதான்! அந்த இழை அறுந்தால் சொற்கள் நிற்கும், உறவு போய்விடும்.

உறவு போனால் சிந்தனையும் போகுமா? 2005இல் இங்கிலாந்தில் ரோசுமேரி வார்லியும் உடனாய்வாளரும் கடும் பேச்சிழப்புற்ற மூவரைச் சோதித்தனர். மனிதன் சிங்கத்தைக் கொன்றானா, சிங்கம் மனிதனைக் கொன்றதா என்னும் வேறுபாடு அவர்களுக்குச் சொல்லில் பிடிபடவில்லை. 59இலிருந்து 13ஐக் கழிப்பது வேறு, 13இலிருந்து 59ஐக் கழிப்பது வேறு என்பதோ பிடிபட்டது! வாக்கியத்தில் தொலைந்த முன்பின், கணக்கில் தொலையவில்லை. இராமானுசன் கணக்குப் போட்டு வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுத வேண்டியிருக்கிறது!

வேறொரு வகையும் உண்டு. 1874இல் செர்மானியர் கார்ல் வெர்னிக்கே விளக்கியது: பேச்சு ஆறாய் ஓடும், பொருள் இராது, பிறர் சொல்வதும் சரிவரப் பிடிபடாது. (மூளையில் ஒரு பழுதுமின்றியே இப்படிப் பேசுவோரை நம் மேடைகளிலும் கண்டிருக்கிறோம், அவர்களைப் பற்றி இன்னொரு நாள்.)

மேடை என்றதும் ஒன்று. 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' ஏட்டில் நான்சி எட்காஃபும் உடனாய்வாளரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தம் உள்ளத்துணர்ச்சியை மறைத்துப் பொய் கூறுவோரைப் பேச்சிழந்தோருக்குக் காட்டினர். நலமாயிருப்போரைவிட இவர்களே பொய்யை நன்கு கண்டுபிடித்தனர்! சொல் மயக்காதபோது முகம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அடுக்குமொழிக்குக் கைதட்டிக் கைதட்டிப் பழகிய நமக்கு இது சற்றுக் கசக்கத்தான் செய்யும். கசக்கட்டும்.

இதே கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியில் படித்த சிறுவர் ஒருவர் பின்னாளில் முதலமைச்சரானார். 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயுற்றார், பக்கவாதமும் வந்தது, அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பியவருக்குப் பழைய பேச்சு திரும்பவில்லை. அந்தக் குறைக்கு மருத்துவர் இட்ட பெயர் எதுவாயினும் ஆகுக. 1987 டிசம்பரில் மறையும் வரை அவரே முதலமைச்சர். கட்சி வேறுபாடு எவ்வளவோ இருக்கலாம். நாட்டை ஆள்பவர் நாத்தடுமாறியபோது பொறுத்திருந்து கேட்ட ஊர், கொடிக்கால் உழவர் தடுமாறும்போது பத்திரத்தை நீட்டுகிறதே, ஏன்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. சொத்துரிமையில் இவர்களும் மற்றவர்க்கு நிகர் என்கிறது. வீட்டாருக்கு இது தெரியாது. சீர்காழியை அடுத்த திருக்கோலக்கா தெரியும். பேச்சு வர அங்கே வேண்டிக்கொள்ளலாம் என்பது தெரியும். வண்டி வைத்துப் போகிறார்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லச் சொன்னால், "இனி எங்கே பேசப் போகிறார்?" என்கிறார்கள்.

மறுநாள் நாம் பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு போனோம். வானொலியை நிறுத்தச் சொன்னோம். எல்லோரும் ஒருங்கே பேசுவதையும் நிறுத்தச் சொன்னோம், அது அரும்பாடாயிற்று. பலகையின் ஒரு புறம் கொடிக்கால் வரைந்தோம், மறுபுறம் பணக்கட்டு. "கொடிக்கால்" என்றோம், நிறுத்தினோம். "பணம்" என்றோம், நிறுத்தினோம். "எது?"

நெடுநேரம் பார்த்தார். மகன் வாயெடுத்தார், கையமர்த்தினோம். பெரியவரின் இடக்கை மெல்ல எழுந்து கொடிக்காலின் மேல் விழுந்தது. "ஆமா" என்றார். கையை எடுக்கவில்லை. மகன் பலகையைப் பார்த்தபடியே நின்றார். பிறகு பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.